ஒயர் நீண்டால் வோல்ட் குறையும்: எக்ஸ்டென்ஷன் ஒயர் பற்றிய வாசகர் கேள்விகள்

மழைக்காலம் நெருங்கினால் எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி மோட்டாரும் ஒயரும் பற்றியவைதான். வந்தவற்றில் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: அடைமழை பெய்தால் எங்கள் நாற்றங்காலில் தண்ணீர் தேங்கிவிடுகிறது. வீட்டிலிருந்து 60 மீட்டர் ஒயர் இழுத்து 1 எச்.பி. மோனோபிளாக் மோட்டார் போட்டு வடிக்கிறோம். காலையில் நன்றாக ஓடுகிறது. சாயங்காலம் ஆனால் முனகுகிறது, சுற்றுவதில்லை. கப்பாசிட்டர் மாற்றியும் மறுபடி போய்விட்டது. மோட்டாரையே மாற்றிவிடலாமா ஐயா?
*விவசாயி, பாபநாசம் வட்டம்*

பதில்: மோட்டாரை மாற்றாதீர்கள், ஒயரைப் பாருங்கள். ஒயரின் பருமனை நீங்கள் எழுதவில்லை. கடையில் "மோட்டார் ஒயர்" என்று கேட்டால் பெரும்பாலும் 1 ஸ்கொயர் (செம்பின் குறுக்குவெட்டு 1 சதுர மி.மீ.) ஒயரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதுதான் என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

1 ஸ்கொயர் செம்பு ஒயருக்கு 1,000 மீட்டருக்கு 19.5 ஓம் வரை தடை உண்டு. 60 மீட்டர் தூரம் என்றால் கரண்ட் போக 60, திரும்பி வர 60, ஆக 120 மீட்டர். தடை சுமார் 2.3 ஓம். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். ஒயரிலேயே 16 வோல்ட் தொலைந்துபோகிறது. இந்த அளவைப் பல மோட்டார்கள் தாங்கிக்கொள்ளும்.

சிக்கல் ஸ்டார்ட் ஆகும் நொடியில்தான். அப்போது ஓடும் கரண்டைப் போல நாலைந்து மடங்கு, அதாவது 30, 35 ஆம்பியர் வேண்டும். சாயங்காலம் ஊரே லைட்டும் ஃபேனும் போடும் நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் கடைசியில் இருக்கும் வீட்டில் 200 வோல்ட்தான் நிற்கிறது என்றால், உங்கள் ஒயரைக் கடந்து மோட்டாருக்குப் போய்ச் சேருவது சுமார் 155 வோல்ட். மோட்டாரின் சுழற்றும் திறன் வோல்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்டில் இருக்கும் திறனில் பாதிகூட 155 வோல்டில் கிடைக்காது. தண்ணீர் நிறைந்த பம்ப்பைத் திருப்ப அது போதாமல் முனகுகிறது. ஸ்டார்ட்டிங் கப்பாசிட்டர் சில நொடிக்கு மட்டும் வேலை செய்யச் செய்யப்பட்டது. மோட்டார் வேகம் எடுத்தால்தான் உள்ளிருக்கும் சுவிட்ச் அதைக் கழற்றிவிடும். வேகமே எடுக்காவிட்டால் கப்பாசிட்டர் கரண்டிலேயே கிடந்து வெந்துபோகும். அடுத்து வைண்டிங். ஆகவே முனகல் கேட்டால் மூன்று நொடிக்குமேல் காத்திருக்காமல் சுவிட்சை அணையுங்கள்.

இதே தூரத்துக்கு ஒன்றரை ஸ்கொயர் ஒயர் போட்டால் ஓடும்போது இழப்பு 11 வோல்ட். இரண்டரை ஸ்கொயரில் 7 வோல்டுக்கும் கீழே. 4 ஸ்கொயரில் 4 வோல்ட் சொச்சம். முழுச் சுமையில் இழப்பு 230-ல் 5 சதவீதத்தை, அதாவது 11.5 வோல்டைத் தாண்டக் கூடாது என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் அளவு. ஒன்றரை ஸ்கொயர் அந்த எல்லையில் நிற்கிறது. உங்கள் ஊர் சாயங்கால வோல்டேஜைப் பார்த்தால் இரண்டரை ஸ்கொயர், மூன்று கோர் (உள்ளே மூன்று கம்பி) வாங்குவதே சரி. விலை கூடத்தான். ஆனால் ஒரு முறை வைண்டிங் கட்டும் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தூரம் 100 மீட்டரைத் தாண்டினால் ஒயர் ஆசையை விட்டுவிட்டுப் பெட்ரோல் இன்ஜின் பம்ப் வைத்துக்கொள்வது மேல்.

இன்னொன்று. ஒயரில் இணைப்பு இருந்தால் அது வரப்பில் கிடக்கக் கூடாது. மூங்கில் கழி ஊன்றி இடுப்பளவுக்கு மேலே கட்டுங்கள், பிளக்கின் வாய் கீழே பார்க்கட்டும், மேலே ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். பாலிதீன் பையில் போட்டு இறுகக் கட்டும் பழக்கம் வேண்டாம். உள்ளே வியர்த்து ஈரம் தேங்கும். மோட்டார் ஓடும்போது அந்தத் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது. சக்ஷன் பைப்பில் வைக்கோல் அடைத்துக்கொண்டாலும் முதலில் வீட்டில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

கேள்வி: கிரைண்டிங் மெஷினுக்கு இரண்டு பின் பிளக்தான் வருகிறது. பிரஷர் வாஷருக்கு மட்டும் மூன்று பின். எங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எர்த் ஓட்டை சரியில்லாததால் வாஷர் பிளக்கின் பெரிய பின்னை அறுத்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் தெரிந்த எலக்ட்ரீஷியன். எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறதே, ஷாக் அடித்தால் விழுந்துவிடும் என்கிறார். சரியா?
*டிராக்டர் உரிமையாளர், திருவாரூர்*

பதில்: அவர் சொன்ன இரண்டும் தப்பு.

முதலில் இரண்டு பின் விஷயம். கிரைண்டிங் மெஷினின் பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும். இரட்டை இன்சுலேஷன் என்று பொருள். உள்ளே ஒரு பாதுகாப்பு கெட்டாலும் வெளி உடலுக்குக் கரண்ட் வராதபடி செய்திருப்பார்கள். அதற்கு எர்த் வேண்டாம். ஆனால் ஈரத்தில் பயன்படுத்தலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. மூன்று பின்னோடு வந்த கருவியில் அந்தக் குறி இருக்காது. அதன் பாதுகாப்பு முழுவதும் எர்த் ஒயரை நம்பித்தான் இருக்கிறது. பின்னை அறுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதுவும் தண்ணீர் பீய்ச்சும் கருவி, பிடித்திருப்பவர் நிற்பதோ சேற்றில்.

இனி எம்.சி.பி. உங்கள் வீட்டு எர்த் குழியின் தடை 10 ஓம் என்று கொள்வோம், அது மோசமான எர்த் இல்லை. மெஷினின் உடலில் பேஸ் பட்டுவிட்டால் ஓடக்கூடிய கரண்ட் 230-ஐ 10-ஆல் வகுத்து 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி., சி வகை, உடனே விழ வேண்டுமானால் 80-லிருந்து 160 ஆம்பியர் வேண்டும். 23 ஆம்பியருக்கு அது சூடேறித்தான் விழும். அதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். அதுவரை மெஷின் உடலில் கரண்ட் இருக்கும். மனித உடல் வழியாக ஓடும் கரண்டோ ஆம்பியரில் ஒரு சிறு பின்னம். எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும் கருவி, ஆளைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. அது பேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் ஒன்றா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் காணாமல் போனால் 0.3 நொடிக்குள் அணைத்துவிடும். கசிவு அதிகமானால் இன்னும் வேகமாக. வாங்கும்போது 30 என்று பார்த்து வாங்குங்கள். 100, 300 என்றும் உண்டு, அவை தீ விபத்துத் தடுப்புக்கானவை, ஷாக்குக்கு உதவாது. "டி" என்று போட்ட பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் சுவிட்ச். மழை பெய்தால் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிப் போடும் வீடுகள் உண்டு. விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது. எங்கே என்று தேடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கிப்போட்டுவிட்டு நல்லதாக ஒன்று கட்டுங்கள். கட்டும்போது பிளக்குக்குள் எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விட 2 செ.மீ. நீளமாக விடுங்கள். யாராவது இழுத்து ஒயர் பிய்ந்தால் கடைசியாகக் கழன்று வருவது எர்த்தாக இருக்கும்.

கேள்வி: உருளையில் சுற்றிய 50 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே வேலை என்பதால் 5 மீட்டர் மட்டும் இழுத்து ரம்ப மெஷின் ஓட்டினேன். ஒரு மணி நேரத்தில் உள்சுற்று ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சுற்றி வைத்தால் காயில் மாதிரி ஆகி சூடாகுமாமே?
*தச்சர், கும்பகோணம்*

பதில்: காயில் விளைவு என்பது பரவலான தப்பெண்ணம். போகும் கரண்டும் வரும் கரண்டும் ஒரே ஒயருக்குள் எதிரெதிராக ஓடுவதால் காந்த விளைவு ஒன்றையொன்று அழித்துவிடும். சூட்டுக்குக் காரணம் எளியது. ஒன்றரை ஸ்கொயர் ஒயர், 50 மீட்டர், 10 ஆம்பியர் என்றால் மொத்த ஒயரிலும் வெளிப்படும் வெப்பம் 133 வாட். விரித்துப் போட்டால் 50 மீட்டர் நீளத்துக்கும் காற்றில் பரவித் தெரியாமல் போகும். சுற்றி வைத்தால் அத்தனையும் ஒரு உருளைக்குள் அடைபடும். பி.வி.சி. இன்சுலேஷன் 70 டிகிரி வரைதான் தாங்கும். உள்சுற்றில் அதைத் தாண்டுவது சுலபம்.

5 மீட்டர் தேவை என்றாலும் முழுவதும் உருவித் தரையில் விடுங்கள். நல்ல உருளைகளில் சுற்றிய நிலைக்கு இத்தனை வாட், விரித்த நிலைக்கு இத்தனை வாட் என்று இரண்டு அளவு அச்சிட்டிருப்பார்கள். உங்கள் உருளையை இனி பயன்படுத்தாதீர்கள். உருகி ஒட்டியதைப் பிரித்து எடுத்தாலும் உள்ளே இன்சுலேஷன் மெலிந்திருக்கும்.

கேள்வி: பிளக் பின்கள் இங்கே சீக்கிரம் பச்சை பூத்துவிடுகின்றன. பிளக் தொட முடியாத அளவு சுடுகிறது. 15 ஆம்பியர் பிளக்கை 5 ஆம்பியர் பாயிண்டில் போட ஒரு கன்வெர்ட்டர் வைத்திருக்கிறோம், அதுவும் பழுப்பாகிவிட்டது.
*வேதாரண்யம்*

பதில்: உப்புக் காற்று. பித்தளைப் பின்னில் களிம்பு ஏறினால் பின்னும் சாக்கெட் தகடும் தொடும் இடத்தில் தடை கூடும். அது 0.2 ஓம் ஆனாலே போதும். 10 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 20 வாட் வெப்பம், கிட்டத்தட்ட ஒரு சிறிய சால்டரிங் அயர்ன். சூட்டில் சாக்கெட்டின் ஸ்பிரிங் தளரும், பிடி தளர்ந்தால் தடை மேலும் கூடும், மேலும் சூடு. பிளாஸ்டிக் கருகும்வரை இது நிற்காது.

பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். சாக்கெட் பிடி தளர்ந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்ற வேண்டும். வெளி வேலைக்கு நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக், சாக்கெட் ஜோடி வாங்குங்கள், 16 ஆம்பியர், மூன்று பின், ஐ.பி.44 என்று போட்டது. மூடி உள்ளது, கடற்கரை ஊருக்கு ஏற்றது. சிவப்பு நிறம் மூன்று பேஸுக்கானது, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

கன்வெர்ட்டரை இன்றே வீசுங்கள். நாம் வாய்ப்பழக்கமாக 5, 15 என்கிறோம். இப்போது பிளக்கில் அச்சிட்டிருப்பது 6, 16. 6 ஆம்பியர் பாயிண்ட் 1,380 வாட் வரை. 16 ஆம்பியர் 3,680 வாட் வரை. பெரிய பிளக் சிறிய ஓட்டையில் நுழையாமல் இருப்பதே ஒரு பாதுகாப்பு. கன்வெர்ட்டர் அதைத்தான் ஏமாற்றுகிறது.

கேள்வி: போர் மோட்டாருக்கு வாங்கியதில் மீந்த தட்டை கேபிள் 40 மீட்டர் இருக்கிறது. எக்ஸ்டென்ஷனாகப் பயன்படுத்தலாமா?
*ஒரத்தநாடு*

பதில்: மூன்று கோர், செம்பு, புதிது என்றால் பயன்படுத்தலாம். தண்ணீரையும் தாங்கும். இரண்டு தொல்லை உண்டு. அதன் நிறங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம். பச்சை இல்லாததால் ஒரு முனையில் ஒருவர் மஞ்சளை எர்த் என்று கட்டுவார், மறுமுனையில் இன்னொருவர் நீலத்தை. அப்படிக் கட்டினால் மெஷின் உடலே நியூட்ரலோடு சேர்ந்துவிடும். சிவப்பு பேஸ், நீலம் நியூட்ரல், மஞ்சள் எர்த் என்று வைத்துக்கொண்டு மஞ்சளின் இரண்டு முனையிலும் பச்சை டேப் சுற்றிவிடுங்கள். அடுத்தது, உருண்டை ஒயருக்குச் செய்த பிளக்கின் கவ்வி தட்டை ஒயரைப் பிடிக்காது. தட்டையைப் பிடிக்கும் கவ்வி உள்ள பிளக்காகப் பார்த்து வாங்க வேண்டும்.

போரிலிருந்து உருவிய பழைய கேபிள் என்றால் 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) சோதிக்காமல் வேண்டாம். கோர்களுக்கிடையே 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எடைக்குப் போடுங்கள்.

கேள்வி: கேட் வேலைக்குப் போகும் வீடுகளில் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினை எக்ஸ்டென்ஷனில் ஓட்டுகிறோம். சில வீடுகளில் பிளக் உருகுகிறது.
*வெல்டர், மன்னார்குடி*

பதில்: வெல்டிங் ராடைப் பொறுத்தது. 12 நம்பர் ராடை 80 ஆம்பியரில் ஓட்டினால் மெஷின் லைனிலிருந்து 14 ஆம்பியர் அளவு எடுக்கும். 16 ஆம்பியர் பாயிண்டுக்கு அதுவே கிட்டத்தட்ட எல்லை. அதைவிடத் தடித்த 10 நம்பர் ராடை 120 ஆம்பியரில் வைத்தால் 20 ஆம்பியரைத் தாண்டிவிடும். வீட்டுப் பாயிண்டில் 10 நம்பர் வேண்டாம். தடிமனான வேலையைப் பட்டறையில் முடித்துக்கொண்டு போங்கள். எக்ஸ்டென்ஷன் இரண்டரை ஸ்கொயர், 30 மீட்டருக்குள்.

உங்கள் தொழிலில் மட்டும் வரும் ஒரு கோளாறு: எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இரும்பிலேயே, பக்கத்தில் மாட்டுங்கள். தூரத்தில் எங்கோ ஒரு குழாயில் மாட்டினால் வெல்டிங் கரண்ட் வேறு வழி தேடும். அதே இரும்பின்மேல் எர்த் உள்ள டிரில் மெஷின் கிடந்தால் அதன் எர்த் ஒயர் வழியாகவே 80 ஆம்பியரில் ஒரு பங்கு ஓடி, வெளியே தெரியாமல் உள்ளே எர்த் மட்டும் கருகிப்போகும். மெஷின் பிறகும் ஓடும், எர்த் இல்லாமல்.

கேள்வி: கரண்ட் இல்லாதபோது ஜெனரேட்டரிலிருந்து இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரால் வீட்டுப் பாயிண்டில் கொடுக்கிறோம். மெயினை அணைத்துவிட்டால் போதும்தானே?
*நாகப்பட்டினம்*

பதில்: போதாது. அந்த ஒயரை வெட்டிப்போடுங்கள். ஒரு முனையைச் செருகியதும் மறுமுனைப் பின்களில் 230 வோல்ட் திறந்து நிற்கிறது. மெயினை அணைக்க ஒரு நாள் மறந்தால் கரண்ட் தெரு லைனுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்டாகக் கம்பியில் நிற்கும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் நிலையை எண்ணிப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு வாடகை ஜெனரேட்டரை வைத்து வீடு வீடாகத் தொட்டி நிரப்பினோமே, அப்போது செய்ததுபோல ஜெனரேட்டரிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டு நேராக மோட்டாருக்குக் கொடுங்கள். வீடு முழுவதற்கும் வேண்டுமென்றால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைப்பது) வைத்தே ஆக வேண்டும். சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது, அதனால் ஆர்.சி.சி.பி. அங்கே எதிர்பார்த்தபடி விழாது. ஈரக் கை, வெறுங்கால் கூடாது. ஜெனரேட்டரைத் திண்ணையிலோ அறையிலோ வைக்காதீர்கள், அதன் புகையில் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டு.

கேள்வி: களத்தில் நெல் தூற்றும் ஃபேனுக்கு ரோட்டைத் தாண்டி ஒயர் போக வேண்டியிருக்கிறது. மேலே கட்டலாமா, கீழே போடலாமா?
*திருத்துறைப்பூண்டி*

பதில்: இரண்டும் வேண்டாம், ரோட்டுக்கு இந்தப் பக்கமே தூற்ற இடம் பாருங்கள். மேலே கட்டினால் வைக்கோல் ஏற்றிய வண்டி இழுத்துக்கொண்டு போகும். கீழே போட்டால் அறுவடை மெஷினின் சங்கிலிச் சக்கரம் ஏறும். வைக்கோலுக்கும் சாக்குக்கும் அடியில் ஒயரை மறைத்து விடுவது அதைவிட மோசம். சூடு வெளியேறாது, எலி கடித்தாலும் தெரியாது. மின்கம்பியின் கீழே இரும்புக் குழாய், தகர ஏணி, உயரமான எதையும் நிமிர்த்தக் கூடாது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேரின் உச்சி உயர்அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தைக் கூப்பிடுங்கள்: 94987 94987.

கேள்வி: செம்பு என்று விற்கிறார்கள், உள்ளே அலுமினியமாம். எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய எக்ஸ்டென்ஷன் நன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
*மயிலாடுதுறை*

பதில்: ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்றால் உள்ளே வெள்ளை தெரியும். எடையும் காட்டிக்கொடுக்கும். இரண்டரை ஸ்கொயர், மூன்று கோர் ஒயரில் மீட்டருக்குச் செம்பு மட்டும் 67 கிராம், 30 மீட்டரில் 2 கிலோ. மொத்தக் கட்டே 2 கிலோ இல்லை என்றால் ஏமாற்று. அலுமினியத்தின் தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல், ஸ்க்ரூவில் பிடித்த இடமும் நாளாக ஆகத் தளரும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பருமனும் ஒயரின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும்.

பழையதைப் பார்க்க: பிளக்கைக் கழற்றிவிட்டு ஒயர் முழுவதையும் கையால் தடவி வாருங்கள். வெட்டு, வீக்கம், கெட்டிப்பட்ட இடம், எலிப்பல். பிறகு மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் இடத்தில் வைத்து, பிளக்கின் பெரிய பின்னையும் பாக்ஸின் பெரிய ஓட்டையையும் தொடுங்கள். சத்தம் வர வேண்டும். ஒயரின் இரு முனையையும் அசைத்துக்கொண்டே கேளுங்கள், சத்தம் விட்டுவிட்டு வந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. டெஸ்டர் இதற்கு உதவாது, எர்த் இருக்கிறதா என்று அது சொல்லாது. கடைசியாக, வழக்கமாக ஓட்டும் மெஷினைக் கால் மணி நேரம் ஓட்டி, சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கியதும் புறங்கையால் பிளக்கையும் இணைப்புகளையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுத்துக்கொள்ளத் தோன்றினால் அந்த முனையை வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள். கட்டும்போது இழைகளை ஈயம் வைத்துச் சேர்க்காதீர்கள். ஸ்க்ரூ அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கித் தளரும். முறுக்கி மடித்து நுழைக்கலாம், ‘பின் லக்’ என்ற உலோக முனையைப் போட்டு அழுத்தினால் இன்னும் நல்லது. நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் அங்கே வெட்டி இரண்டு சின்ன எக்ஸ்டென்ஷனாக வைத்துக்கொள்ளுங்கள்.